நின்றுபோன மின்கலன்

படிப்பதற்கு முன்

• உங்கள் வீட்டில் மின்கலனால் இயங்கும் பொருள்கள் எத்தனை இருக்கும்? மனத்தில் எண்ணிப் பாருங்கள்.
• ஒரு பொருள் இயங்காமல் நின்றுவிட்டால், அதிலுள்ள மின்கலன்களை நீங்கள் என்ன செய்வீர்கள்?

வாசிப்புப் பகுதி

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாட்டி சாப்பாட்டு மேசையில் அமர்ந்து தம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் பலதுறை மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, எண்களை அந்த நோட்டில் எழுதி வருவது அவருடைய வழக்கம். மருத்துவர் அந்த எண்களைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்.

அம்மா நோட்டை எட்டிப் பார்த்தார்.

“வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் காலியாக இருக்கிறதே, அத்தை! ஏன் எழுதவில்லை?”

“மெஷின் வேலை செய்யவில்லையம்மா. பழையதாகிவிட்டது போலிருக்கிறது. நீங்கள் எல்லாரும் வேலை, பள்ளி என்று ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன்,” என்றார் பாட்டி.

அம்மா கருவியைத் திருப்பிப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு மின்கலன்கூட இல்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதன்கிழமை இரவு என் தங்கையின் பொம்மைக் கார் நின்றுபோய்விட்டது. அவள் அழுத அழுகையில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பாட்டியின் கருவியிலிருந்த நான்கு மின்கலன்களையும் எடுத்துக் காரில் பொருத்தினேன். மறுநாள் புதியவற்றை வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தேபோனேன்.

“நான்தான் எடுத்தேன், அம்மா,” என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. பணத்தைக் கொடுத்து, புளோக்கின் கீழிருக்கும் கடைக்கு அனுப்பினார். நான் வாங்கி வந்த நான்கு புதிய மின்கலன்களையும் கருவியில் பொருத்தினார். பாட்டி சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருந்தார். பிறகு அளந்து பார்த்தோம். எண்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தன. சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அளந்தோம். அப்போதும் அப்படியே இருந்தன.

“நாளைக்கு டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்,” என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, “காரிலிருந்து எடுத்த பழைய பேட்டரிகள் எங்கே?” என்று கேட்டார்.

எறிவதற்காக அவற்றை ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கதவருகே வைத்திருந்தேன். “அவையெல்லாம் தீர்ந்துவிட்டன, அம்மா.”

“நின்றது பேட்டரியா, காரா? முதலில் அதைப் பார்ப்போம்,” என்றார் அம்மா.

நின்றதெல்லாம் தீர்ந்ததா?

என் அம்மா மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். அவருடைய பையில் எப்போதும் மின்னழுத்தத்தை அளக்கும் மானி ஒன்று இருக்கும். அதை எடுத்து, பையில் கிடந்த நான்கு மின்கலன்களையும் ஒவ்வொன்றாக அளந்தார். நான் தாளில் குறித்துக்கொண்டேன்.

முதல் மின்கலன்: 1.31 வோல்ட்
இரண்டாவது: 1.30 வோல்ட்
மூன்றாவது: 0.86 வோல்ட்
நான்காவது: 1.32 வோல்ட்

“இந்த வகை அல்கலைன் மின்கலன் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 1.3 என்றால் பாதி வழியில் இருக்கிறது என்று பொருள். ஒரு வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். இப்போது சொல், இதில் எத்தனை தீர்ந்திருக்கின்றன?”

“ஒன்றுதான்!” என்றேன் வியப்புடன்.

நான்கு மின்கலன்களும் காரில் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. மின்சாரம் நான்கின் வழியாகவும் சென்றாக வேண்டும். ஆகவே, ஒன்று சோர்ந்துவிட்டால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் கார் ஓடாது. அந்த ஒன்றுக்காக நான் நான்கையும் எறியத் துணிந்திருந்தேன்.

“மற்ற மூன்றையும் மறுபடியும் காரில் போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டேன்.

“கூடாது. கார் வேகமாக ஓட வேண்டும். அதன் மோட்டார் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரத்தைக் கேட்கும். பாதி தீர்ந்த மின்கலனால் அவ்வளவு விரைவாகக் கொடுக்க முடியாது. ஆனால், சுவர்க் கடிகாரம் சொட்டுச் சொட்டாகத்தான் கேட்கும். தொலைக்காட்சியின் ரிமோட்டும் அப்படித்தான். பொத்தானை அழுத்தும்போது மட்டும் கொஞ்சம் கேட்கும்.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி சிரித்தார். “என்னைப் போலத்தான். ஓடச் சொன்னால் முடியாது. மெல்ல நடக்கச் சொன்னால் சந்தைவரைக்கும் போய் வந்துவிடுவேன்!”

நான் ஒரு மின்கலனைச் சுவர்க் கடிகாரத்தில் பொருத்தினேன். இரண்டை ரிமோட்டில் பொருத்தினேன். கடிகாரம் ஓடத் தொடங்கியது. ரிமோட்டும் வேலை செய்தது.

வீட்டில் மானி இல்லாதவர்களும் இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். பொம்மையில் நின்றுபோன மின்கலனைக் கடிகாரத்திலோ ரிமோட்டிலோ பொருத்திப் பாருங்கள். இயங்கினால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒரு பொருளில் பொருத்தும் மின்கலன்கள் அனைத்தும் ஒரே வகையாகவும் ஏறத்தாழ ஒரே நிலையிலும் இருக்க வேண்டும். புதியதையும் பழையதையும் கலந்து போட்டால், புதியது பழையதன் சுமையையும் சேர்த்து இழுக்கும். முழுவதும் தீர்ந்த பிறகும் மின்சாரம் அதன் வழியாகப் பாய்ந்துகொண்டே இருந்தால், பழைய மின்கலன் கசியத் தொடங்கும்.

நம்பிக்கையும் உண்மையும்

“நாங்கள் கம்பத்தில் இருந்த காலத்தில் டார்ச் லைட் மங்கினால் பேட்டரியை வெயிலில் காய வைப்போம். அன்றிரவு வெளிச்சம் நன்றாக வரும்,” என்றார் பாட்டி.

“அது உண்மைதான், அத்தை. மின்கலனுக்குள் வேதிவினை நடந்தால்தான் மின்சாரம் வரும். சூடு பட்டால் அந்த வினை கொஞ்ச நேரம் வேகமாக நடக்கும். ஆனால், வெயில் புதிதாக எந்தச் சக்தியையும் கொடுப்பதில்லை. மிச்சமிருப்பதை விரைவாகச் செலவழிக்க வைக்கிறது, அவ்வளவுதான். சூடு அதிகமானால் கசிவும் ஏற்படும்,” என்றார் அம்மா.

அப்படியானால் குளிரில் வைத்தால் நெடுநாள் உழைக்குமா? எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், ஊறுகாய்ப் புட்டிக்குப் பக்கத்தில், அப்பா வாங்கி வைத்த ஒரு பொட்டலம் மின்கலன்கள் இருந்தன. இன்றைய அல்கலைன் மின்கலன்கள் அறை வெப்பத்திலேயே பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். குளிரிலிருந்து வெளியே எடுத்தவுடன், நம் ஊரின் ஈரக்காற்று அவற்றின்மேல் நீர்த்துளிகளாகப் படியும். அந்த ஈரம் முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யலாம். ஆகவே, குளிர்ப்பெட்டியால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது. கெடுதல் நேரவும் வாய்ப்புண்டு. வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியே போதும்.

எனக்கும் ஒரு வழி தெரியும். நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மின்கலனைச் செங்குத்தாகப் பிடித்து மேசைமேல் சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும். துள்ளினால் தீர்ந்தது, துள்ளாமல் நின்றால் நல்லது. அதை அம்மாவிடம் செய்து காட்டினேன். 1.3 வோல்ட் காட்டிய மின்கலனும் துள்ளியது!

அல்கலைன் மின்கலனுக்குள் துத்தநாகத் தூள் கூழ் போல இருக்கும். மின்கலன் செலவாகச் செலவாக அது துத்தநாக ஆக்சைடாக மாறி இறுகிவிடும். அதனால்தான் பயன்படுத்திய மின்கலன் துள்ளுகிறது. ஆனால், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதி தீர்ந்தபோதே மின்கலன் முழு அளவுக்குத் துள்ளத் தொடங்கிவிடுகிறது என்று கண்டறிந்தனர். துள்ளுவது புதியதன்று என்பதை மட்டுமே இந்தச் சோதனை காட்டும். தீர்ந்துவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. இதை நம்பி எறிபவர், பாதிச் சக்தியையும் சேர்த்து எறிகிறார்.

எந்தப் பொருளுக்கு எந்த மின்கலன்?

மதிய உணவுக்குப் பிறகு அம்மாவும் நானும் வீட்டிலுள்ள பொருள்களைப் பட்டியலிட்டோம்.

குறைவாக மின்சாரம் கேட்பவை: சுவர்க் கடிகாரம், தொலைக்காட்சி ரிமோட், குளிரூட்டியின் ரிமோட். இவற்றுக்குச் சாதாரண அல்கலைன் மின்கலனே போதும். பொம்மையில் பாதி தீர்ந்ததையும் பயன்படுத்தலாம்.

நிறைய மின்சாரம் கேட்பவை: பொம்மைக் கார், நாள்தோறும் பயன்படும் கைவிளக்கு, கணினி விளையாட்டுக் கருவி. இவற்றுக்கு மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலன்கள் ஏற்றவை.

உயிரோடு தொடர்புடையவை: பாட்டியின் இரத்த அழுத்தமானி, புகை எச்சரிக்கைக் கருவி. இவற்றில் சிக்கனம் பார்க்கக்கூடாது. கருவியின் கையேடு கூறும் வகையில், புதிய மின்கலன்களையே பொருத்த வேண்டும்.

“மின்னேற்றக்கூடியவை விலை அதிகமாயிற்றே?” என்று கேட்டேன்.

“கணக்குப் போட்டுப் பார்,” என்று அம்மா தாளை என் பக்கம் தள்ளினார்.

தங்கையின் காருக்கு இரண்டு வாரத்திற்கு ஒருமுறை நான்கு மின்கலன்கள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 26 முறை மாற்ற வேண்டும். 26 × 4 = 104 மின்கலன்கள். ஒன்றின் விலை 80 காசு என்றால், மொத்தம் 83 வெள்ளி 20 காசு.

மின்னேற்றக்கூடிய மின்கலன் ஒன்றின் விலை 5 வெள்ளி என்றும், மின்னேற்றியின் விலை 15 வெள்ளி என்றும் கொள்வோம். நான்கு மின்கலன்களுக்கும் மின்னேற்றிக்கும் சேர்த்து 35 வெள்ளி. ஆண்டு முழுவதும் மின்னேற்றுவதற்கு ஆகும் மின்கட்டணம் ஒரு வெள்ளியைக்கூடத் தாண்டாது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 47 வெள்ளி மிச்சம். இத்தகைய மின்கலன்களை நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம் என்பதால், அடுத்த ஆண்டில் மிச்சம் இன்னும் கூடும்.

“அப்படியென்றால் கடிகாரத்திற்கும் அதையே வாங்கலாமே!” என்றேன்.

“அதற்கும் கணக்குப் போடு.”

கடிகாரத்திற்கு ஆண்டுக்கு ஒரு மின்கலன் போதும். செலவு 80 காசுதான். 5 வெள்ளி கொடுத்து வாங்கும் மின்கலனின் விலையை ஈடுகட்டவே ஆறு ஆண்டுகளுக்குமேல் ஆகும். மேலும், மின்னேற்றக்கூடியவை சும்மா இருக்கும்போதும் அல்கலைனைவிட விரைவாகச் சக்தியை இழக்கும். விலை உயர்ந்தது எல்லா இடத்திற்கும் ஏற்றதன்று என்பதை அப்போது புரிந்துகொண்டேன்.

மின்னேற்றக்கூடிய மின்கலன் நல்ல நிலையில் இருக்கும்போதே 1.2 வோல்ட்தான் காட்டும். அல்கலைனுக்குச் சொன்ன அளவை வைத்து அதைத் தீர்ந்ததென்று எண்ணிவிடக்கூடாது. அதேபோல, சாதாரண அல்கலைன் மின்கலனை மின்னேற்றியில் வைக்கவே கூடாது. அது கசியலாம், வெடிக்கவும் கூடும்.

கசிவும் காவலும்

பட்டியலிடும்போது அலமாரியின் அடியில் ஒரு பழைய கைவிளக்கு கிடைத்தது. திறந்து பார்த்தால், உள்ளே வெள்ளைத் தூள் படிந்திருந்தது. யாரும் பயன்படுத்தாமல் மின்கலன்களை உள்ளேயே விட்டுவைத்ததால் வந்த வினை. இரண்டு மின்கலன்களின் விலை சில காசுகள். கெட்டுப்போனது முழுக் கைவிளக்கு.

அம்மா கையுறை அணிந்துகொண்டு மின்கலன்களை வெளியே எடுத்தார். கசிந்தது காரத்தன்மை உடையது என்பதால், பஞ்சுக்குச்சியை வினிகரில் லேசாக நனைத்து முனைகளைத் துடைத்தார். பிறகு ஈரம் போக நன்றாக உலர்த்தினார். நல்லவேளையாக, புதிய மின்கலன் போட்டதும் விளக்கு எரிந்தது. ஆனால், எல்லாக் கருவிகளும் இப்படிப் பிழைத்துக்கொள்வதில்லை. நெடுநாள் பயன்படுத்தாத பொருளிலிருந்து மின்கலன்களை எடுத்துவைப்பதே நல்லது.

உதிரி மின்கலன்களைச் சாவி, நாணயம் ஆகியவற்றோடு ஒரே இழுப்பறையில் போடக்கூடாது. உலோகம் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் மின்கலன் சூடேறும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பொத்தான் வடிவ மின்கலன்களைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குழந்தை ஒன்றை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண் ஏற்படலாம். சிறிதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கடைசிப் பயணம்

எங்களிடம் இப்போது மூன்று மின்கலன்கள் மிஞ்சின. ஒன்று, காரை நிறுத்திய 0.86 வோல்ட் மின்கலன். மற்ற இரண்டு, கைவிளக்கில் கசிந்தவை. கசிந்தவற்றை அம்மா தனியே ஒரு நெகிழிப் பையில் கட்டி வைத்தார்.

சிங்கப்பூரில் நாம் வீசும் குப்பையில் எரிக்கக்கூடியது எரியாலைக்குச் செல்கிறது. அங்கு மிஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள நிலநிரப்பில் கொட்டப்படுகிறது. நிலம் குறைந்த நம் நாட்டில் அந்த இடம் என்றென்றைக்கும் போதாது. மேலும், மின்கலன்களில் துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்கள் உள்ளன. குப்பையோடு கலந்துவிட்டால் அவை வீணாகும். தனியே சேர்த்தால் மீட்டெடுக்கலாம். திறன்பேசியில் உள்ள லித்தியம் வகை மின்கலன் குப்பையில் நசுங்கினால் தீ விபத்தும் ஏற்படலாம்.

இதற்காகவே, 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து மின்கழிவைச் சேகரிக்கும் திட்டம் சிங்கப்பூரில் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியம் இதை மேற்பார்வையிடுகிறது. மின்பொருள்களைத் தயாரித்தும் இறக்குமதி செய்தும் விற்கும் நிறுவனங்கள், அவை கழிவான பிறகும் அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும். கடைத்தொகுதிகள், சமூக மன்றங்கள் முதலிய இடங்களில் மின்கழிவுத் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. வீட்டு மின்கலன்களை ஏற்கும் தொட்டியில் அவற்றைப் போடலாம். போடுவதற்குமுன் முனைகளில் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுவது பாதுகாப்பானது.

காலி நோட்டுப் பக்கம்

திங்கட்கிழமை நானும் பாட்டியுடன் மருந்தகத்திற்குச் சென்றேன். பள்ளி விடுமுறை என்பதால் அம்மா என்னை அனுப்பிவைத்தார். மருத்துவர் நோட்டைப் பார்த்தார். அவருடைய விரல் அந்த மூன்று காலிக் கட்டங்களில் நின்றது.

“இந்த மூன்று நாளும் எப்படி இருந்தது, பாட்டி?”

பாட்டி என்னைப் பார்த்தார். பிறகு மருத்துவரிடம், “மெஷினில் பேட்டரி இல்லை, டாக்டர்,” என்று மட்டும் சொன்னார். யார் எடுத்தார்கள் என்று சொல்லவில்லை.

இரத்த அழுத்தம் எப்போதிலிருந்து கூடியது என்று அந்த நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மருத்துவர் இன்னும் ஒரு வாரம் தவறாமல் அளந்து எழுதி, மறுபடியும் வரச் சொன்னார்.

வீடு திரும்பியதும் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து மூன்றாகத் தடுத்தேன். ‘புதியவை’, ‘பாதி தீர்ந்தவை’, ‘தொட்டிக்குச் செல்பவை’ என்று எழுதி ஒட்டினேன். பாட்டியின் கருவிக்கென்று நான்கு புதிய மின்கலன்களைத் தனி உறையில் போட்டு, ‘பாட்டிக்கு மட்டும்’ என்று எழுதினேன். தங்கை அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “காருக்கு?” என்று கேட்டாள்.

“காருக்கு வேறு இருக்கிறது. இதைத் தொடக்கூடாது,” என்றேன்.

இப்போது காலையில் பள்ளிக்குக் கிளம்பும்முன், “பாட்டி, எழுதிவிட்டீர்களா?” என்று கேட்பது என் வேலை. அவர் பதில் சொல்வதில்லை. நோட்டைத் தூக்கிக் காட்டுவார்.

அருஞ்சொற்பொருள்

மின்கலன் – வேதிவினையால் மின்சாரம் தரும் சிறு கலன், பேட்டரி
மின்னழுத்தம் – மின்சாரத்தைச் சுற்றில் செலுத்தும் விசை. வோல்ட் என்னும் அலகால் அளக்கப்படும்
மானி – அளக்கும் கருவி
மின்னேற்றி – மின்கலனில் மீண்டும் மின்சக்தியை ஏற்றும் கருவி
வேதிவினை – பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேறு பொருள்களாக மாறும் செயல்
சிக்கனம் – வீணாக்காமல் அளவாகச் செலவிடுதல்
நிலநிரப்பு – கழிவையும் சாம்பலையும் கொட்டி நிரப்பும் இடம்

கருத்தறிதல் வினாக்கள்

1. பாட்டியின் நோட்டில் மூன்று நாள்கள் காலியாக இருந்ததற்குக் காரணம் என்ன?
2. பொம்மைக் காரின் நான்கு மின்கலன்களில் ஒன்றே தீர்ந்திருந்தும் கார் ஏன் நின்றது?
3. மின்கலனை வெயிலில் வைத்தால் வெளிச்சம் கூடுவது ஏன்? அது உண்மையில் சிக்கனம் ஆகுமா? விளக்குக.
4. மின்னேற்றக்கூடிய மின்கலன் காருக்கு ஏற்றது, கடிகாரத்திற்கு ஏற்றதன்று. பகுதியிலுள்ள கணக்கைக் கொண்டு நிறுவுக.
5. யார் மின்கலன்களை எடுத்தார் என்று பாட்டி மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை? அது அவரைப் பற்றி என்ன உணர்த்துகிறது?
6. ‘சிக்கனம் பார்க்கக்கூடாத இடங்களும் உண்டு.’ இக்கருத்தை வாசிப்புப் பகுதியிலிருந்தும் உங்கள் வாழ்விலிருந்தும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.

செயல்பாடு

உங்கள் வீட்டில் மின்கலனால் இயங்கும் பொருள்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மின்கலன்கள் தேவை, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கடையில் விலையைப் பார்த்து, உங்கள் வீட்டின் ஓராண்டுச் செலவைக் கணக்கிடுங்கள். அதைக் குறைக்க நீங்கள் செய்யப்போகும் இரண்டு மாற்றங்களை வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுங்கள்.